ஜெமிக்கு ஒரு நீச்சல் வாத்தியார்

"மேடம், அது கால் நனைக்கதுக்கு உள்ள தொட்டியாக்கும்" என்றார் பயிற்சியாளர்.

"தெரியும் சார்."

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவளுக்கும் தெரியும். ஆனா அவ அதக் கண்டுக்கிட மாட்டா."

ஜெமி அந்தத் தொட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாகர்கோவில் பக்கம் ஒரு நீச்சல் பயிற்சி நிலையம். குளத்தில் இறங்குமுன் எல்லோரும் பாதத்தை நனைத்துக்கொண்டு போவதற்காக, வாசலில் ஒரு சாண் ஆழத்துக்குத் தொட்டி கட்டி மருந்து கலந்த தண்ணீர் விட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் நீலமாக, நீளமாக, நிஜமான நீச்சல் குளம் பளபளத்துக்கொண்டிருந்தது. என் மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளுவதும் விரலிடுக்கில் ஒழுக விடுவதுமாக இருந்தாள். மற்ற பிள்ளைகள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

பயிற்சியாளர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். அன்றைக்கு அவர் செய்த பெரிய பிழை அதுதான்.

ஜெமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு கத்தல் கத்தினாள். விசில் தோற்றது. குளத்தில் கிடந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். கத்தி முடித்தவள், செய்தி வாசிப்பவர் மாதிரித் தெளிவான குரலில், "கறை போச்சு, கிருமி போச்சு, கழிவறை இனி கண்ணாடி ஆச்சு!" என்றாள்.

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எந்தப் பக்கம் போனாலும் தண்ணீர்

ஜெமிமாவுக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு உண்டு, ஆனால் பெரும்பாலும் டி.வி. விளம்பரத்தில் இருந்து எடுத்த பேச்சு. பசித்தால் பிஸ்கட் விளம்பரம். கோபம் வந்தால் கொசுவர்த்தி விளம்பரம். கழிவறை விளம்பரம் வந்தால் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

வெள்ளை நிறச் சாப்பாட்டை மட்டும் அவள் தின்ற ஒரு வருடத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு 'பீட்ரூட் கொடுத்துப் பாருங்களேன்' என்று எழுதிய வாசகருக்கு நன்றி. கொடுத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் அவளோடு சமாதானமாகப் போய்விடலாம். தண்ணீர் விஷயத்தில் முடியாது.

எங்கள் வீடு கொட்டாரத்துக்குப் பக்கத்தில். வாசலில் இருந்து வடக்கே நடந்தால் ஒரு குளம். மேற்கே நடந்தால் இன்னொரு குளம். தெற்கே வயல், வயலை ஒட்டிச் சானல். அணைத் தண்ணீர் வருகிற கால்வாயை இங்கே அப்படித்தான் சொல்வோம். கிழக்கே கொஞ்சம் கூடுதலாக நடந்தால் கடலே வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கிறார்கள். ஜெமியைப் பெற்ற எனக்கு, அத்தனை அழகும் எமன் விரித்து வைத்திருக்கிற பாய் மாதிரித்தான் தெரியும்.

ஏனென்றால் தண்ணீரைக் கண்டால் அவள் நிற்க மாட்டாள். ஒரு சனிக்கிழமை காலை சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சியைச் சாய்த்துவிட்டு நிமிர்கிற நேரம்தான். கேட் திறந்து கிடந்தது. ஜெமி இல்லை.

எந்தத் திசையில் ஓடுவது? என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு கேள்வி வந்ததில்லை. நைட்டியோடு தெற்கே ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. சானல்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஜெமியின் சடையைக் கயிற்றைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெமி கழுத்துவரை முங்கி, வாய் நிறையத் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி மதகு. அதற்குள் தண்ணீர் உறிஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளைய பாத்துக்கிடப்பிடாதா டீச்சர்?" என்றாள் அந்தப் பெண்.

நான் அவள் காலைப் பிடித்தேன். அவள் பயந்து போனாள்.

அதன்பிறகு கேட்டுக்கு மூன்று கொண்டி போட்டேன். ஜெமி இரண்டு நாளில் மூன்றையும் திறக்கப் படித்துக்கொண்டாள். திருவனந்தபுரத்தில் அவளைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். அந்தம்மா அழுகையை முடிக்க விட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தக் குழந்தைகள்ல நிறைய பேர் தண்ணியத் தேடிப் போவாங்க. பூட்டு வேணும்தான். ஆனா பூட்டு ஒருநாள் ஏமாத்தும். நீச்சல் கத்துக்கொடுங்க."

ஆளுக்கொரு யோசனை

சொல்வது எளிது. யார் கற்றுக்கொடுப்பது?

என் கணவர் எபி மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை மதியம் வீடியோவில் வருவார். "ஏட்டி ஷீபா, இஞ்ச இப்படிப்பட்ட பிள்ளியளுக்குத் தனியா கிளாஸ் உண்டு கேட்டியா? படி எறங்காண்டாம், சாய்வா ஒரு பாதை வச்சிருக்கான்."

"அப்ப மஸ்கட்ட எடுத்து இஞ்ச அனுப்பி வையுங்க" என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

சித்தப்பா உரிக்காத நெத்துத் தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தார். "இத இடுப்புல கெட்டி வெள்ளத்துல விட்டிரு. நாங்கல்லாம் இப்பிடித்தான் படிச்சோம்." எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். ஜெமி தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவின் கால் பெருவிரல்மேல் போட்டாள். நீச்சல் யோசனையோடு அவர் மறுபடி வரவில்லை.

சபைப் பெண்கள் ஒரு மாலை எங்களுக்காக விசேஷமாக ஜெபித்தார்கள். நல்ல மனசுக்காரிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடியதுதான் பிசகு. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ஜெமி ஆலயத்துக்குப் பின்னால் கைகழுவும் தொட்டிக்குள் இருந்தாள். உடுப்பு எல்லாம் வெளியே மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்து வைக்கத் தெரிகிறதே என்று ஒரு அக்கா ஆறுதல் சொன்னார்.

மறுபடியும் தொட்டிக்கரை

ஆக, அந்தப் பயிற்சி நிலையத்துக்கு நான் ரொம்ப நம்பிக்கையோடுதான் போயிருந்தேன். ஜெமி தொட்டியை விட்டு எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பயிற்சியாளர் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துவந்து என்னிடம் நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. சொன்னத சொன்னபடி கேக்கும்னு டாக்டர்ட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தா சேத்துக்கிடலாம்."

"சார், அப்பிடி ஒரு சர்டிபிகேட் எங்க வீட்டுக்காரருக்கே கிடைக்காது."

அவர் சிரிக்கவில்லை. மற்ற பெற்றோர் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றார். மற்ற பெற்றோர் கரையில் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதையும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அடுத்து கன்னியாகுமரியில் ஒரு ஓட்டல். மேனேஜர் தேன் மாதிரிப் பேசினார். விருந்தாளிகள் யாரும் இறங்காத உச்சி வெயில் நேரத்தில் வரலாம் என்றார். முதல் நாளே ஜெமி குளத்தருகே கிடந்த சாய்வு நாற்காலி மெத்தைகள் அத்தனையையும் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள். எது மிதக்கும் எது முங்கும் என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். அறிவியல் டீச்சரான எனக்கு உள்ளூரப் பெருமை. மேனேஜருக்கு இல்லை.

மூன்றாவதாக ஒரு இடத்தில் 'சிறப்புக் குழந்தைகளுக்குச் சிறப்பு வகுப்பு' என்று பேனரே கட்டியிருந்தார்கள். ஓடினேன். பிள்ளைகளைக் குளத்து ஓரத்தில் வரிசையாக உட்கார வைத்து, காலை மட்டும் தண்ணீரில் தொங்கவிடச் சொல்லி, ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்ததும் வகுப்பு முடிந்தது. ஜெமி ரோஜாவைத் தின்றாள். வெள்ளை ரோஜா.

புருவ நூல்

எங்கள் ஊரில் கனி அக்கா ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். முழுப்பெயர் சுயம்புக்கனி. நெற்றியில் எப்போதும் நீளமாக ஒரு திருநாமம், அய்யாவழிக்காரர். கையில் எப்போதும் நூல். அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தாள். அன்று புருவம் திருத்தப் போயிருந்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதும் அழுகை வந்துவிட்டது.

கனி அக்கா நூலை நிறுத்தினார். "டீச்சர், இந்தக் கண்ணீரு நூலுக்கா, வேற எதுக்குமா?"

"வேறதுக்குத்தான்."

"அப்ப செரி. நூலுக்கோன்னு பயந்துட்டேன்" என்று மறுபடி ஆரம்பித்தார்.

ஒற்றைப் புருவத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். சானல், தொட்டி, சர்டிபிகேட், ரோஜாப்பூ. அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "எனக்கு நல்லா நீந்தத் தெரியும்லா?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்லூரிக் காலத்தில் போட்டிகளுக்கெல்லாம் போய் நீந்தியவராம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் மட்டும் மிச்சம். விடிந்ததும் மேற்குக் குளத்துக்குக் குளிக்கப் போகிறவர், சோப்பைக் கரையில் வைத்துவிட்டு அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்துதான் குளிப்பாராம்.

"இந்த ஆட்டிசம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உள்ளதச் சொல்லுதேன். வெள்ளம் தெரியும்" என்றார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். அவளுக்கு எது பிடிக்கும்? எது கேட்டால் கத்துவாள்? போதும் என்று எப்படிச் சொல்லுவாள்?

அத்தனை இடத்துக்கும் போய் வந்தேனே, இந்த மூன்றையும் ஒருவர் கேட்கவில்லை. எனக்கு மறுபடி கண்ணீர் வந்தது.

"அழாண்டாம் டீச்சர், புருவம் கோணிப்போவும். நாளைக்குக் காலத்த அவளக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் எறங்கணும்."

"ஐயோ அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது."

"மிதக்குததப் பத்தி நீங்கதான பாடம் நடத்துதிய? எம் பிள்ளைக்கு அதுல ரெண்டு மார்க்கு கொறச்சிப் போட்டியளே, மறந்துட்டா?"

அவர் மறக்கவில்லை என்பது அடுத்த சில மாதங்களில் தெரிந்தது.

படிக்கட்டுப் பாடம்

முதல் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. கனி அக்கா ஒரு பிளாஸ்டிக் கப்போடு மேற்குக் குளத்தின் மூன்றாவது படியில் உட்காருவார். ஜெமி இரண்டாவது படியில். அவர் அவள் தோளில் தண்ணீர் ஊற்றுவார், அவள் அவர் தலையில் ஊற்றுவாள். அவ்வளவுதான். நான் சுடிதாரோடு கழுத்தளவு தண்ணீரில் படிக்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தாமரை இலைக்கு அந்தப் பக்கம் இரண்டு எருமைகள் எங்களைவிட நிம்மதியாகக் கிடக்கும்.

கரையில் 'டீச்சர்' என்று கூப்பிடுகிற கனி அக்கா, தண்ணீரில் இறங்கியதும் மரியாதையைக் கரையிலேயே விட்டுவிடுவார். "ஏட்டி, கல்ல விடு! கல்லு ஒண்ணும் உனக்க மாப்பிள்ளை இல்ல!"

ஒரு நாள் கோவில் ஒலிபெருக்கி திடீரென்று அலறியது. ஜெமி பயந்து கனி அக்காவின் தோளைக் கடித்துவிட்டாள். நன்றாக ஆழமாக. நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இனி வர மாட்டார் என்றே நினைத்தேன்.

அவர் தோளைத் திருப்பிப் பார்த்தார். "பல்லு வரிசை கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுநாளில் இருந்து ஒலிபெருக்கி தொடங்குமுன் வகுப்பு முடியும்படி நேரத்தை மாற்றினார். நான் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டியதாயிற்று. கடித்தது அவள், தண்டனை எனக்கு.

விளம்பரத்தை வைத்து வேலை வாங்கலாம் என்று கண்டுபிடித்தவரும் கனி அக்காதான். கழிவறை விளம்பரத்தின் மெட்டை எடுத்துக்கொண்டார். "காலு ஆட்டு, கையி நீட்டு, மலந்து கிடந்து வானம் பாரு!" என்று பாடினார். ஜெமி அதை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்தாள். பாட்டு மட்டும் வந்தது, மிதப்பது வரவில்லை. தண்ணீர் காதைத் தொட்டதும் விறைத்து எழுந்துவிடுவாள். கனி அக்காவின் கை அவள் முதுகின் கீழேயே இருக்கும். ஒரு மாதம், இரண்டு மாதம். களைப்பில் அவர் பார்லரைத் தாமதமாகத் திறந்தார், வருகிறவர்கள் காத்திருந்து போனார்கள். ஊரில் பாதிப் பெண்கள் திருத்தாத புருவத்தோடு நடந்ததற்கு நாங்கள்தான் காரணம்.

பிறகு ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஜெமி தலையைப் பின்னால் சாய்த்தாள். இரண்டு காதும் தண்ணீருக்குள் போயிற்று. நான் கத்தலுக்குத் தயாரானேன். கத்தவில்லை. அவளுடைய நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகக் கரைந்துபோனதைப் பார்த்தேன். வாகனச் சத்தம், காக்காச் சத்தம், என் சத்தம், எல்லாம் அவளுக்கு நின்றுபோயிருக்க வேண்டும். பிறந்ததில் இருந்து அவளை இடித்துக்கொண்டே இருந்த உலகம் அன்றுதான் வாயை மூடியது.

கனி அக்கா கையைப் பைய எடுத்தார். ஜெமி மிதந்தாள்.

"சத்தம் போடாதட்டி" என்று என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

தள்ளிவிட்ட நாள்

மிதந்தால் மட்டும் போதாது என்று கனி அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்து கரைக்கு வரப் பழக்கினார். நாய் நீந்துவது மாதிரித்தான், அழகு ஒன்றும் இல்லை. ஆனால் படியை நோக்கி வருவாள். படியைத் தொட்டால் பிடிப்பாள். பிடித்தால் ஏறுவாள். அதையே தினம் இருபது தடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெமியைப் பள்ளி யூனிபாரத்தில், ஷூவும் சாக்ஸுமாகக் கூட்டிவரச் சொன்னார். ஏதோ படம் எடுக்கப் போகிறார் என்று நினைத்துத் தலைகூட நன்றாகப் பின்னிவிட்டிருந்தேன். படித்துறை ஓரத்தில் ஜெமி ஆழமான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கனி அக்கா பின்னால் வந்தார். தள்ளிவிட்டுவிட்டு, அடுத்த நொடியே தானும் குதித்தார்.

பிள்ளை முங்கிவிட்டாள். தண்ணீர் மூடிக்கொண்டது. நான் கனி அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அது இந்தப் பத்திரிகையில் அச்சாகாது.

"எண்ணு!" என்றார் அவர், ஒரு கை தூரத்தில் தண்ணீர் மிதித்துக்கொண்டு. "உடுப்போடதான் ஒருநா விழுவா. நீச்சல் டிரஸ் போட்டுக்கிட்டா ஓடுவா? எண்ணுட்டி!"

ஒன்று. இரண்டு. மூன்று என்று வாயெடுத்தேன். அதற்குள் ஒரு சடை மேலே வந்தது. அப்புறம் முகம். இருமினாள். ஷூவின் கனம் அவளைக் கீழே இழுத்தது, தெரிந்தது. கனி அக்கா கையை நீட்டினார், ஆனால் தொடவில்லை. ஜெமி புரண்டாள். மல்லாந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள், அவசரமே இல்லாத மாதிரி. பிறகு திரும்பி, கையையும் காலையும் அடித்துக்கொண்டு படிக்கு வந்தாள். பிடித்தாள். ஏறினாள். ஷூவில் இருந்து தண்ணீர் பீய்ச்சியது.

கனி அக்காவும் ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது. குளத்துத் தண்ணீர் என்றார். "இனி கொண்டி மூணு வேண்டாம், ரெண்டு போதும். ஆனா போடத்தான் செய்யணும். கேட்டியளா டீச்சர்?"

கரைக்கு வந்ததும் மரியாதை திரும்பியிருந்தது. எனக்கு இன்னும் திரும்பவில்லை. படித்துறை ஓரத்தில் நின்று, கையை ஆட்டி ஆட்டி அவரைத் திட்டினேன். சொல்லாமல் எப்படித் தள்ளலாம், எனக்கு நெஞ்சு நின்றிருந்தால் யார் பொறுப்பு, இப்படியே ஏதேதோ. அவர் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரத்தில் சிரிப்பு.

ஈரமான இரண்டு சின்ன உள்ளங்கை என் முதுகில் பட்டது.

குளத்துக்குள் போகிற வழியில் நான் அலறிய அலறல் எருமைகளை எழுப்பிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். உள்ளே எல்லாம் பச்சையாக இருந்தது. வகுப்பில் வருடா வருடம் நான் நடத்துகிற மிதப்பு விசையில் ஒரு துளிகூட என் உதவிக்கு வரவில்லை. கனி அக்காதான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் படியில் போட்டார். மார்க்குக் குறைத்த கோபம் அந்தப் பிடியில் இருந்தது.

இருமிக்கொண்டு நிமிர்ந்தேன். ஜெமி மேல்படியில் குந்தியிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எப்படிச் சொல்ல? அவள் என்னைப் பார்ப்பாள்தான். என் கம்மலைப் பார்ப்பாள். சங்கிலியைப் பார்ப்பாள். என் தோளுக்கு மேலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அன்று என் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தான் செய்த வேடிக்கை எனக்கும் வேடிக்கையாக இருக்கிறதா என்று என் முகத்தில் தேடினாள்.

நான் சிரித்தேன். மூக்கு வழியாகக் குளத்துத் தண்ணீர் கொட்டியது. அவளும் சிரித்தாள். விளம்பரம் எதுவும் சொல்லவில்லை, வெறும் சிரிப்புதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். முழுசாக நிமிர்வதற்குள் மறுபடியும் தள்ளிவிட்டாள்.